ஒரு மயிரிழை கீழே

பிழையே விடாத தொண்டை ஒன்றின் இன்றைய விலை இருநூற்று முப்பது யூரோ. அடப்டர் தனி. ஸ்டுட்கார்ட்டில் நான் வாங்கிய கடைக்காரன் அதைச் சேர்த்துத் தர மறுத்துவிட்டான். ஜெர்மன்காரனோடு பேரம் பேசுவது சுவரோடு சீட்டு விளையாடுகிற மாதிரி; சுவர் தோற்பதுமில்லை, கோபிப்பதுமில்லை.

பொருள் சின்னது. இரண்டு சவர்க்காரப் பெட்டிகளை அடுக்கினால் வருகிற அளவு. மைக்கின் வயரை ஒரு பக்கம் செருகி மறுபக்கத்தால் மிக்சருக்குக் கொண்டுபோனால், பாடுகிறவர் எங்கே வழுக்கினாலும் குரலைப் பிடித்து மிகக் கிட்டிய சுரத்தில் இருத்திவிடும். இசைக்காரர்கள் பெடல் என்பார்கள். எங்கள் ஆட்கள் பெட்டி என்கிறார்கள், அதுவும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு.

என் தொழில் ஒலி அமைப்பு. கலியாணம், சாமத்தியவீடு, மாதா திருநாள் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் இறக்குகிறவன் நான். வீட்டின் நிலக்கீழ் அறையில் சிறிய ஒலிப்பதிவுக்கூடமும் உண்டு. அங்கே இருந்துதான் மனிதக் குரலை அறிந்துகொண்டேன். நீங்கள் கேட்பது காற்றில் கழுவப்பட்டு வருகிற குரல். ஹெட்போனில் நான் கேட்பது கழுவாதது. வாய் திறக்கும்போது எச்சில் நூலாக இழுபட்டு அறுகிற சத்தம். கட்டுப்பல் ஈறில் தட்டுகிற சத்தம். ஆட்டிறைச்சி ரோலைச் சாப்பிட்டுவிட்டு வந்து மாதாவைப் புகழ்கிற தொண்டைக்குள் சளி உருளுகிற சத்தம். இத்தனையும் தாண்டி அந்தக் குரல் சுருதியிலாவது நிற்குமா என்றால், அதுவும் இல்லை. சில நாட்களில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காதைச் சுடுநீரில் கழுவியிருக்கிறேன்.

பெட்டி வந்தபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கத் தொடங்கியது.

என் முதல் பெரிய வாடிக்கையாளர் சுகன்யாதேவி. மகள் நிரஞ்சனாவின் பாட்டு அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்து, மிருதங்கக்காரரை ஒழுங்கு செய்து, சேலையை இந்தியாவிலிருந்து இறக்கி முடித்த பிறகுதான், பிள்ளைக்குச் சுருதி நிற்பதில்லை என்று யாரோ அவருடைய காதில் போட்டார்கள்.

“அண்ணை, மண்டபத்துக்குக் காசு கட்டியாச்சு. இனிச் சுருதிக்கு என்ன செய்யிறது?”

“அதுக்கும் கட்டலாம் அக்கா.” தொகையைச் சொன்னேன்.

“உதென்ன அறாவிலை. பிள்ளை முழுக்கவே பிழையாப் பாடுறாள்? பிழைக்கிற இடத்துக்கு மட்டும் கணக்குப் பாருங்கோ.”

“பிழைக்கு மட்டும் பாத்தால் இன்னும் கூட வரும். மொத்தமா எடுங்கோ, மலிவு.”

நிரஞ்சனா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். “அங்கிள், நான் வாயைத் திறக்காம நிண்டாலும் இது பாடுமோ?”

“இன்னும் அவ்வளவுக்கு வரேல்லை பிள்ளை.”

அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அரங்கேற்றத்தில் அவளுடைய கமகமெல்லாம் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வளைய வேண்டிய இடமெல்லாம் வெட்டிவைத்த கேக் துண்டுபோல் நின்றது. சனம் எழுந்து கைதட்டியது. சீடியில் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். எங்கள் சனத்திடம் அதற்குமேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. பிராங்பேர்ட்டிலிருந்துகூட எனக்கு அழைப்பு வரத் தொடங்கியது.

அப்படியிருக்கும்போதுதான் கொறற்றி.

கொறற்றி மன்னார்ப் பெண். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பாடகர் குழுவின் முதற்குரல். அவருடைய கணவர் பீலிக்ஸ் பார்சல் வான் ஓட்டுகிறவர். மனைவி பாடும்போது முன்வரிசை வாங்கில் இருந்துகொண்டு பீடத்தைப் பார்க்கமாட்டார்; திரும்பிச் சனத்தைத்தான் பார்ப்பார், எல்லாரும் ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று.

அந்த வருட மாதா திருநாளில் அதே குழுவில் பாடுகிற நிரஞ்சனா முதலில் பாடினாள், பெட்டியோடு. அடுத்தது கொறற்றி. மைக்குக்கு வருமுன் என்னிடம் வந்தார்.

“அண்ணை, உந்தப் பெட்டியை எனக்குப் போடாதேங்கோ.”

“ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

“விழுந்தால் விழுறன். மாதாவுக்கு முன்னாலதானே.”

பாடினார். வழக்கம்போலப் பதிவு செய்தேன். ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எச்சிலுக்காகவும் சளிக்காகவும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. குரல் எங்கே போக வேண்டுமோ அங்கே போய், நிற்க வேண்டிய இடத்தில் நின்று, கொஞ்சம் நடுங்கி, திரும்பி வந்தது. எனக்கு என்னவோ செய்தது. அழுக்கைத் தேடிக் கை நீட்டியவனின் கையில் அழுக்கு ஒட்டாதபோது வருகிற அருவருப்பு அது. தன் கைதான் நாறுகிறதோ என்று மணந்து பார்க்க வேண்டியிருக்கும்.

பாட்டு முடிந்ததும் சுகன்யாதேவி நேராக மிக்சருக்கு வந்தார்.

“அண்ணை, அந்த மனுசி பாடேக்க எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துது. என்ர பிள்ளை பாடேக்க ஸ்டேசனில அறிவிக்கிற குரல் மாதிரிக் கிடக்கு. ரெண்டும் ஒரே மைக்தானே? ஏன் அப்பிடி?”

அந்தக் கிழமையே இரண்டு குடும்பங்கள் என்னிடம் கொடுத்த ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் கொறற்றியிடம் பிள்ளைகளைப் பாட்டுக்கு அனுப்பக் கேட்டன.

என் அப்பாவுக்கு யாழ்ப்பாணம் பெரியகடைப் பகுதியில் புடவைக்கடை இருந்தது. வருகிற சனம் முகப்பைப் பார்த்துவிட்டு விலை கேட்கும். எப்போதாவது ஒருவர் புடவையைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்ப்பார். அப்பா அந்த ஆளோடு சண்டை பிடிக்கமாட்டார். தேத்தண்ணி வரவழைத்து, சிரித்துப் பேசி, மற்றவர்கள் கண்ணில் படாமல் உள்ளறைக்குக் கூட்டிப்போய்விடுவார். கொறற்றி சனத்துக்கு முன்னால் புடவையைத் திருப்பிக் காட்டிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் கோபப்படவில்லை.

பெட்டிக்குள் ஓர் இடம் உண்டு. சரியான சுருதி எது என்று அங்கேதான் பெட்டிக்குச் சொல்லிவைப்போம். கூட வாசிக்கிற கீபோட்டுக்குச் சமமாக வைப்பது வழக்கம். அடுத்த பூசையின்போது நான் அதைக் கீபோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வைத்தேன். பெட்டியை ஒரு பைக்குள் மறைத்து, கொறற்றியின் மைக் வயரை மட்டும் அதனூடாக விட்டேன். இனி அவர் எவ்வளவு சரியாகப் பாடினாலும் பெட்டி அதைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இழுத்துத்தான் வெளியே விடும். பிழை என்று எவராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. பால் திரைவதற்குச் சற்றுமுன் ஒரு வாசம் வருமே, அப்படித்தான் இருக்கும்.

காலடியில் இருந்த ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்டுக் கொறற்றி திடுக்கிட்டார். குரலை மேலே தள்ளினார். பெட்டி திரும்பக் கீழே இருத்தியது. இன்னும் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதுதான் முதன்முறையாக அவருடைய தொண்டைக்குள் எச்சில் விழுங்குகிற சத்தத்தை ஹெட்போனில் கேட்டேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. எல்லாரையும் போலத்தான் இவரும்.

ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே செய்தேன். வாங்குகளில் சனம் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியது. பீலிக்ஸ் மட்டும் வழக்கம்போலத் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். இப்போது சனம் அவருடைய கண்ணைத் தவிர்த்தது. ஒருநாள் பூசை முடிந்து வயர் சுருட்டும்போது கொறற்றி வந்து நின்றார்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நான் இறங்கிப் பாடுறனோ?”

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“வீட்டில குசினிக்குள்ள பாடேக்க சரியாத்தான் கேக்குது. இஞ்ச வந்தால் நழுவுது. காது டொக்டரிட்ட நேரம் கேட்டு டெர்மின் எடுத்துப் போனன். பதினெட்டு வயசுக்காரியின்ர காது எண்டு சொல்லிப்போட்டான்.”

“காதில பிழை இல்லையெண்டால் சந்தோசம்தானே,” என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டினேன். பேரத்தில் ஒரு கட்டம் வரும். அதற்குமேல் விற்கிறவன் பேசக்கூடாது. வாங்குகிறவரே மிச்சத்தைச் சொல்லிக்கொள்வார்.

“அப்ப பிழை எனக்குள்ளதான்,” என்றார் கொறற்றி.

வேண்டுமென்றால் என் கூடத்துக்கு வந்து ஒருமுறை பாடிப் பார்க்கலாம், காசு வேண்டாம் என்றேன். பீலிக்ஸையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்பார்க்க ஆட்கள் வருகிற நாளில் உடுத்துவதுபோல நல்ல சேலை உடுத்தியிருந்தார். அந்த ஒரு பாட்டில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் முடிவெடுத்து வந்திருந்தார், முகத்தில் தெரிந்தது. பெட்டி மேசையின் கீழே இருந்தது. பாடினார். போட்டுக் காட்டினேன். கீபோட்டின் சுரத்தைப் பக்கத்தில் வைத்து, எவ்வளவு கீழே நிற்கிறது என்று விரலால் காட்டினேன்.

பீலிக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்கு இவ நேர பாடேக்க நல்லாத்தான் கேட்டுது. உந்த மெசினுக்க வந்தபிறகுதான் பிழைக்குது.”

உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே மனிதர் அவர்தான். பார்சல் ஓட்டுகிறவர்.

“மனுசியின்ர பாட்டு மனுசனுக்கு எப்பவும் நல்லாத்தானே கேக்கும் அண்ணை,” என்றேன்.

கொறற்றி சிரித்தார். “விடுங்கோ அப்பா. மெசின் பொய் சொல்லாது,” என்றார். எங்கள் சனம் எல்லாரும் செய்கிற தவறு அது. கடவுளைக்கூடக் கேள்வி கேட்பார்கள். நிறையச் சின்ன விளக்கு எரிகிற சாமானை நம்பிவிடுவார்கள்.

அதன்பிறகு அவர் பாடவில்லை. குழுவில் பின்வரிசைக்குப் போனார். பிறகு அங்கேயும் வரவில்லை. முதற்குரலை நிரஞ்சனா எடுத்தாள். பிள்ளைகளைப் பாட்டுக்கு அனுப்பக் கேட்ட குடும்பங்கள் என்னிடமே திரும்பி வந்தன.

இதோடு நின்றிருந்தால் இதை வியாபாரம் என்றே விட்டிருப்பேன். ஆனால் பீலிக்ஸுக்குக் கணையத்தில் புற்று என்று கண்டுபிடித்தார்கள். கடைசிக்காலத்து நோயாளிகளைப் பார்க்கிற விடுதிக்கு அவரை மாற்றியபிறகு கொறற்றி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, அவர் மாதா பாட்டைப் பாடச் சொல்லிக் கேக்கிறார். எனக்கு ஏலாது. கடைசியாக் காதில விழுறது பிழையா விழக்கூடாது. என்ர பழைய பாட்டு ஏதும் உங்களிட்டக் கிடந்தால், பெட்டியில போட்டுத் திருத்தித் தருவியளோ?”

கிடந்தது. அந்தத் திருநாளில், பெட்டியில்லாமல் அவர் பாடியது. அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான். அதை அப்படியே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அவருக்கும் காது இருக்கிறது. தன்னிடம் பிழையே இருந்ததில்லை என்று கேட்ட கணத்திலேயே தெரிந்துகொள்வார். அந்த நிலையில் அவருக்கு அப்படியொரு அதிர்ச்சி தேவையா என்று யோசித்தேன். அவர் கேட்டது திருத்தியதைத்தான். கேட்டதைக் கொடுப்பதுதான் கடைக்காரனின் மரியாதை. பெட்டியின் திருத்தத்தை முழுவதுமாகத் திறந்து, பாட்டை அதனூடாக ஓடவிட்டேன். நடுக்கம் போனது. மூச்சுப் போனது. மிச்சம் வந்ததை ஒரு சின்ன ஸ்பீக்கரோடு நானே கொண்டுபோனேன்.

அறையில் மருந்தும், வாடிய பூவும், மனித உடம்பு உள்ளிருந்து கெடுகிற வாசமுமாக இருந்தது. நான் கதவோடு நின்றேன். கொறற்றி ஸ்பீக்கரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டு ஓடியது. பீலிக்ஸ் கண்ணைத் திறந்து கேட்டார்.

“ஆர் உது பாடுறது?”

“நான்தான். கொறற்றி.”

“இல்லை.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “கொறற்றி வந்தால் பாடச் சொல்லுங்கோ.”

கொறற்றி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை. வலிநிவாரணி மருந்தால் ஆட்களை அடையாளம் தெரியாமல் போகும் என்று தாதி சொன்னார். நானும் ஓம் என்றேன். அடுத்தநாள் பகல் பீலிக்ஸ் இறந்துபோனார். அதுவரை இரண்டுமுறை கேட்டாராம், கொறற்றி இன்னும் வரவில்லையா என்று.

செத்தவீட்டுக்கும் ஒலி அமைப்பு நான்தான். நிரஞ்சனா பாடினாள். கொறற்றி உதட்டை மட்டும் அசைத்தார்.

போன கிழமை அவர்களுடைய மகள் லிசா வீட்டுக்கு வந்தாள். தாதிக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிற பிள்ளை. மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்று படிக்கிறாள்.

“அங்கிள், அப்பாக்குப் போட்ட பாட்டு, திருத்தாம முந்தி இருந்தது இருக்கோ? அப்பா என்னை மறந்தாலும் அம்மான்ர குரலை மறக்கமாட்டார். எனக்கு ஒருக்காக் கேக்கோணும். அம்மாவுக்கும் போட்டுக் காட்டோணும்.”

“தேடிப் பாக்கிறன் பிள்ளை,” என்றேன்.

தேடத் தேவையிருக்கவில்லை. ஹெட்போனை மாட்டி ஒருமுறை முழுதாகக் கேட்டேன். எச்சில் இல்லை, சளி இல்லை. பாட்டை அழித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கொறற்றிக்கு அந்தக் குரல் இருந்தது என்பதற்கு இனி இந்த எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆக, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணக்கையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் வைத்துப் பாடிப் பார்த்ததற்கு நான் ஒரு சதம் வாங்கவில்லை. பாட்டைத் திருத்திக் கொடுத்ததற்கு வாங்கவில்லை. செத்தவீட்டுக்கு ஸ்பீக்கர் இறக்கியதும் என் செலவு, மலர்வளையமும் என் செலவு. விடுதிக்கு நான் கொண்டுபோன அந்தச் சின்ன ஸ்பீக்கர் இன்னும் திரும்பி வரவில்லை. துக்கவீடு என்பதால் நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அது திரும்பி வரும்வரைக்கும், எங்கள் இரண்டு பேருக்குள்ளும் கொடுக்க வேண்டியவர் கொறற்றிதான்.