வாசலுக்கு வாசல்

வேணாம்மா, தண்ணி வேணாம். வர்ற வழியிலதான் குடிச்சேன். நெஜமாத்தான். அட, டீயும் வேணாம்மா, அதுவும் அதே தண்ணிதானே... ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். நீங்க உக்காருங்க. அடுக்களை வாசல்ல செடித்தொட்டி ரெண்டு அழகா வச்சிருக்கீங்க. ஓ, தரையில கறைய மறைக்கவா? எவ்ளோ தேச்சும் போகலயா. ம்.

ஆமாம்மா, தூரம் அளக்கற அதே சக்கரம்தான். ஒம்போது வருஷம் முன்னாடி இந்த வீட்ட நீங்க வாங்கறப்போ உருட்டிட்டு வந்தேனே, அதேதான். மீட்டருக்கு ஒரு தடவ டக்குன்னும். ஆபீஸ்ல என் பேரே சக்கரம். அன்னிக்கு வந்தவரையே அனுப்புங்க, நல்ல மனுஷன்னு போன்ல சொன்னீங்களாமே? எங்க மேடம் எல்லார் முன்னாடியும் அத சொல்லி, கைதட்டு வேற. எனக்கு எங்கயாவது ஓடி ஒளிஞ்சுக்கலாம் போல ஆயிடுச்சு. கூச்சமா? சரி, கூச்சம்னே வச்சுக்கங்க.

உள்ள யாரு, பொண்ணா அழுவுது? நீங்க திட்டினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு உங்க இடுப்புல இருந்த கொழந்தைதானே? என் பேனாவப் புடுங்கி வாயில வச்சுக்கிச்சு. பத்து வயசாச்சா! என்ன, படிச்சது மண்டையில நிக்க மாட்டேங்குதா? ராத்திரி ஒப்பிச்சது காலையில மறந்துடுதா... வயித்து வலின்னு ஸ்கூலுக்கு மட்டம் வேறயா. இல்லம்மா, சோம்பேறின்னு சொல்லாதீங்க. பாவம்மா, சொல்லாதீங்க.

வரேன், வேலைக்கு வரேன். வாங்கப்போறவங்க எப்ப வராங்க? வெள்ளிக்கிழமையா. சின்ன வயசுக்காரங்களா... ஓ, அந்தப் பொண்ணு முழுகாம இருக்கா. சரி.

அளந்தாச்சும்மா. உங்க கதவத் தட்டறதுக்கு முன்னாடியே அளந்துட்டேன். எவ்ளோன்னா... பொறுங்க, எதுக்கு அளக்கறோம்னு மொதல்ல சொல்லிடறேன். அன்னிக்கு சொல்லல. பின்னாடி புல்லு மொளச்சுக் கெடக்கே காலி இடம், அங்க முன்ன பழைய பேட்டரி உருக்குற பட்டறை இருந்துச்சு. ஈயத்த எடுத்துக்கிட்டு, மிச்ச ஆசிடு, சாம்பல் எல்லாத்தயும் குழி வெட்டிக் கொட்டினாங்க. பட்டறைய மூடினப்புறம் மேல மண்ணள்ளிப் போட்டுட்டாங்க. கெட்டுப்போன நெலம்னு பதிவேட்டுல ஏறியிருக்கு. அப்படிப்பட்ட எடத்துலேர்ந்து எரநூத்தம்பது மீட்டருக்குள்ள வீடு இருந்தா, வாங்கறவங்களுக்கு அத எழுதிக் குடுக்கணும். மண்ணு, தண்ணி ரெண்டயும் சோதிச்சுக் காட்டணும். அதான் விதி.

தெரியும்மா, உங்ககிட்ட பேப்பர் இருக்கு. பிளாஸ்டிக் உறையில எவ்ளோ பத்திரமா வச்சிருக்கீங்க. எரநூத்தித் தொண்ணூறுன்னு போட்டிருக்கும். கீழ என் கையெழுத்து. அந்த நம்பர் பொய்யில்ல, ஒவ்வொரு மீட்டரும் உருட்டினேன். ஆனா எப்படி உருட்டினேன்? உங்க வாசல்ல கெளம்பி, தெரு வழியா போயி, முக்கு திரும்பி, பட்டறையோட பழைய கேட் வரைக்கும். வாசலுக்கு வாசல். மண்ணுக்கு அடியில வர்ற தண்ணி தெரு சுத்தியாம்மா வரும்? உங்க பின்சுவத்துலேர்ந்து நேரா அந்தக் குழியோட வேலி வரைக்கும்தான் அளக்கணும். இன்னிக்கு அப்படித்தான் அளந்தேன்.

நாப்பத்தொண்ணு.

ஆமா. நாப்பத்தொண்ணு மீட்டர்.

தெரியாம பண்ணலம்மா. அப்பவே பதினாலு வருஷ சர்வீஸ் எனக்கு. அன்னிக்கு மழை, பின்பக்கம் போக வழியில்லன்னு ஒரு கதைய பஸ்ல வர்றப்போ ஜோடிச்சு வச்சிருந்தேன். உங்க மொகத்தப் பாத்ததும் வாயில வர மாட்டேங்குது.

இந்த வீட்ட வித்தாங்களே ஒரு அம்மா, வீட்டுக்காரர் போயி தனியா இருந்தாங்களே, அவ என் அக்கா. கூடப் பொறந்தவ. வீடு அத்தான் பேர்ல இருந்ததால ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. மூணு பேர் வந்து பாத்தாங்க, பின்னாடி என்ன எடம்னு விசாரிச்சாங்க, போனவங்க திரும்பி வரல. இந்த வீட்டுல இனிமே என்னால முடியாதுடா, ஒரே ஒரு பேப்பர் குடுடான்னு அழுதா. குடுத்தேன். நீங்க இதோ இங்கதான் நின்னீங்க, கொழந்தையத் தூக்கிக்கிட்டு. கிணத்துத் தண்ணி நல்லாருக்குமா சார்னு கேட்டீங்க. அமிர்தமா இருக்கும்மான்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

ஏதாவது கத்துங்கம்மா.

வெள்ளிக்கிழமை நாப்பத்தொண்ணுன்னுதான் எழுதிக் குடுப்பேன். வீடு விக்காது, தெரியும். மேடம்கிட்டயும் இன்னிக்கே போய் எல்லாத்தயும் சொல்லப்போறேன். நீங்க அந்தப் பழைய பேப்பரக் கிழிச்சுடாதீங்க, நாளைக்கு என்மேல கேஸ் போடணும்னா அதான் சாட்சி. ஆனா அதெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கறத நிறுத்துங்க. பொண்ண டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. நான் டாக்டரில்ல, வேற ஏதாவதாக்கூட இருக்கலாம். இருந்தா ரொம்ப சந்தோஷம். எதுவா இருந்தாலும் அவளத் திட்டாதீங்க. மறக்கறது அவ தப்பில்லம்மா.

என்ன கேக்கறீங்க? அக்காவுக்கா? தண்ணி விஷயம் அவளுக்குத் தெரியுமான்னா...

அந்த செடித்தொட்டி ரெண்டயும் கொஞ்சம் நகத்துங்களேன். தரையில ரெண்டு வட்டம் இருக்குல்ல, நீங்க தேச்சு தேச்சுப் பாத்தீங்களே. கேன் வச்ச தடம்மா அது. தெனம் காலைல ரெண்டு கேன் தண்ணி, என் வீட்டுலேர்ந்து சைக்கிள்ல கட்டி நான்தான் கொண்டாந்து வைப்பேன். அந்தக் கிணத்துத் தண்ணிய எங்க அக்கா ஒரு நாளும் வாயில வச்சதில்ல.