தறிக்குழியில் கிடந்த சட்டை

"பாம்பு நம்ம டிசைன காப்பி அடிச்சிருக்குடா" என்று முன் சீட்டுப் பெண்மணி சொன்னபோது, பஸ் ஆரணியை விட்டுக் கொஞ்ச தூரம்தான் வந்திருந்தது. ஜன்னலோரத்தில் அவள் தம்பி. அக்கா பட்டுப்புடவை நெய்கிறாள், தம்பி அதற்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"போன மாசம் தறிக்குழியில பாம்பு உரிச்சிட்டுப் போன சட்டைய போட்டோ எடுத்துதானே பார்டர் போட்ட? அதுல வரிசைக்கு ஒரு கட்டத்த உட்டுட்ட."

"ஆமாக்கா, கை தவறிடுச்சு. நீயும் அப்படியே நெய்துகினு போயிட்ட."

"காலைல குழியில இன்னொரு சட்டை கெடந்துச்சு. பாரு."

மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர் சாதம்தான் இருக்கும் என்று நம்பி எட்டிப் பார்த்தவன் நான்.

தம்பி உள்ளே இருந்த சட்டையின் செதில் கட்டங்களை வரிசை வரிசையாக விரலால் எண்ணினான்.

"அக்கா... நான் உட்ட கட்டம் இதுலயும் இல்லியே."

நான் தைரியசாலி. அதனால் செருப்பை மட்டும் கீழே விட்டுவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டேன். கண்டக்டர் முறைத்தார். முறைக்கட்டும்.

"குழியில கால உட்டாதான் தறி மிதிக்க முடியும். நாளைக்கு எப்படிடா உக்காருவேன்? ஜல்தியா டிசைன மாத்து. மண்புழு சைஸுக்குச் சின்னதாக்கிடு."

தம்பி டிபன் பாக்ஸை மெதுவாக மூடினான்.

"பார்டர சின்னதாக்கிடலாம்க்கா. ஆனா முந்தானைக்கு அதையே ரொம்பப் பெருசாக்கிக் குடுத்தேனே?"

"அத நேத்தே நெய்து முடிச்சிட்டேனேடா."

வந்தவாசி வரைக்கும் எங்கள் மூன்று பேர் காலும் தரையில் படவில்லை.