மோர்னிங்சைட் சுற்றிவளைப்பு

குலநாயகம்: ...அப்ப ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மோர்னிங்சைட் பார்க்கை வளைக்கிறம்.

சண்முகலிங்கம்: ஆர் வளைக்கிறது?

குலநாயகம்: நானும் மனிசி மங்கையற்கரசியும். கார் வாற வழி ஒண்டுதானே அண்ணை. அவ அதில ஐஸ்பெட்டியோட நிப்பா.

சண்முகலிங்கம்: ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடல் காணும் அது! கொத்துரொட்டி தின்ன வாற சனத்தையோ வளைக்கப் போறீர்?

குலநாயகம்: ஆமிக்கு ஆளைக் காட்டிக்குடுத்த அந்தத் தலையாட்டி உந்தச் சனத்துக்கைதான் இருக்கிறான். ஊரில ஆமி எங்களை லைனில விடேக்க, தலையில சாக்கோட கோயில் வீதியில நிண்டவன். அவன்ர ஒரு ஆட்டு, எனக்கு ரெண்டு வருசம் மறியல்.

சண்முகலிங்கம்: முகம் தெரியாது. எப்பிடிப் பிடிப்பீர்?

குலநாயகம்: சாக்கோட்டம் வைக்கிறம். அறுபதுக்கு மேல ஆம்பிளையளுக்கு மட்டும். சாக்கு காலில இல்லை, தலையில. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. கண்ணைப் பாத்தே மனிசி ஆளைச் சொல்லுவாவாம்.

சண்முகலிங்கம்: அவ அண்டைக்கு அங்க நிண்டவவோ?

குலநாயகம்: இல்லை. எங்கட கலியாணமே பிறகுதான்.

சண்முகலிங்கம்: விசர்க் குடும்ப... ஹச்சூ! ...என்ன காணும், ஒருத்தன் தும்மினா 'நூறு' எண்டு சொல்லோணும். நூறு வயசு இருக்கட்டும் எண்டு. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசமா உந்த மிளகாய்த்தூள் பக்டரியில எனக்குப் பக்கத்தில நிக்கிறீர், ஒருக்காவும் வாய் திறக்கேல்லை.

குலநாயகம்: அந்தப் பழக்கத்தை விட்டிட்டன்.

சண்முகலிங்கம்: சரி, உந்த ரீவியைப் பாரும். ஆயுதக்காரரைப் பிடிக்க எண்டு எங்கையோ ஒரு நாட்டு ஆமி மூண்டாந்தரமா ஒரு நகரத்துக்கை இறங்குது. போன வருசம் உதே ரோட்டைத் துப்பரவாக்கிட்டம் எண்டவங்கள். துப்பரவான ரோட்டுக்கு ஏன் திரும்பப் போறாங்கள்?

குலநாயகம்: இந்தமுறை வடிவாச் செய்வாங்கள்.

சண்முகலிங்கம்: எங்கட ஊரில வடிவாச் செய்யேல்லையோ? நாப்பத்தொரு பேரைக் கொண்டுபோனாங்கள். அடுத்த கிழமை அவையின்ர தம்பிமார் நாப்பது பேர் இயக்கத்துக்குப் போட்டினம்.

குலநாயகம்: நாப்பத்தொராவது ஆள் நான். எனக்குத் தம்பி இல்லை... தங்கச்சிதான் போனவள். ஆனா ஒரு கிழமை ஊர் அமைதியாத்தானே இருந்தது.

சண்முகலிங்கம்: சத்தம் போட ஆள் இருந்தால்தானே! உந்தச் சாக்கோட்டத்தை விடும் குலம். அப்பாவியள்தான் மாட்டுப்படுவினம்.

குலநாயகம்: பொறுங்கோ... நாப்பத்தொண்டு எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் அப்ப கொழும்பில எண்டெல்லோ சொன்னனீங்கள்.

சண்முகலிங்கம்: பேப்பரில வந்தது.

குலநாயகம்: பேப்பரில பதினஞ்சு எண்டு வந்தது.

சண்முகலிங்கம்: பிறேக் முடியுது, எழும்பும்.

குலநாயகம்: இருங்கோ அண்ணை. இந்தச் சாக்கை ஒருக்காப் போடுங்கோ, ஓட்டை அளவு பாக்க.

சண்முகலிங்கம்: என்ன சாக்கு உது?

குலநாயகம்: இஞ்ச வேற என்ன இருக்கு? மிளகாய்ச் சாக்குத்தான்.

சண்முகலிங்கம்: மாச் சாக்கு ஒண்டும்... இல்லையோ?

குலநாயகம்: ஒரு நிமிசம்தானே. குனியுங்கோ... ஆ, சரி.

சண்முகலிங்கம்: எடும் காணும், எடும்... ஹச்! ஹச்! ...ஹச்சூ!

குலநாயகம்: நூறு!

சண்முகலிங்கம்: அண்டைக்கும் ஆரோ உப்பிடிச் சொன்னவன்... குலம், அதுவும் மிளகாய்ச் சாக்குத்தான். கடையில நிண்ட என்னை இழுத்துக்கொண்டு போய்த் தலையில கவிட்டவங்கள். நான் ஒருத்தரையும் காட்டேல்லை, தும்மினனான். தலை ஆடுது எண்டு ஒரு தும்மலுக்கு ஒரு ஆளா ட்ரக்கில ஏத்தினாங்கள். நாப்பத்தொரு தும்மல்... என்னை மன்னியும்.

குலநாயகம்: நாப்பது அண்ணை. நான் லைனில நிண்டு எண்ணினனான். நாப்பதாவது தும்மல் எனக்கு முன்னால நிண்ட அகஸ்ரினுக்கு. நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இராமல் பழக்க தோசத்தில 'நூறு' எண்டிட்டன். ரெண்டு பேருக்கும் ஏதோ தொடர்பு எண்டு ஆமி என்னையும் ஏத்தினது. மனிசிக்கு உது தெரியாது... தங்கச்சிக்கும் நான் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வந்திடாதேங்கோ, உங்களைப் பிடிச்சா உது வெளியில வந்து, பிறகு அவ என்னையெல்லோ விசாரிப்பா.