மச்சான் கேட்ட வளையங்கள்

கல்யாணத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மேசை விரிப்பின் மடிப்பைத்தான். மடிப்பு நேராக இருந்தால் எனக்குப் பசிகூட நன்றாக எடுக்கும். என் அக்கா மைமூன் இதைப் பைத்தியம் என்பாள். இருக்கட்டும். இந்தப் பைத்தியத்தால்தான் எனக்கு வேலை ஓடியது. பெரிய கட்டடங்களுக்குள் மின்சாரம் நுழைகிற இடத்தில் கேபிள்களை இழுத்து, வளைத்து, மெயின் ஸ்விட்ச்போர்டில் கொண்டுபோய் முடிக்கிற குழுவுக்கு நான் சூப்பர்வைசர். ஒரு பெண் இந்த வேலைக்கு வந்தாளே என்று சைட்டில் முதலில் சிரித்தார்கள். என் கேபிள்களைப் பார்த்த பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன். இன்றைக்கு எனக்குப் பேச நன்றாக வருகிறது.

முகமது இஸ்மாயில் பாய், சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டுக்குப் பின்னால் கல்யாண மண்டபம் கட்டினார். அந்த மாதிரிக் கட்டடத்துக்கு ஒற்றைக் கேபிள் போதாது. மொந்தன் வாழைப்பழம் பருமனில் பல கேபிள்களைப் பக்கம் பக்கமாக இழுத்து, ஒரே வேலையை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் அறை அடுத்த சுவர்தான். குறுகிய தூரம். நான் எல்லாவற்றையும் தலைவாரியது போல் இழுத்தேன். ஸ்விட்ச்போர்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றும் ஒரே சாய்வில் திரும்பி, தன் தன் போல்ட்டில் போய் உட்கார்ந்தது. பின்மூடியைப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து எலக்ட்ரீஷியன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். புக்கிட் பாத்தோக்கிலிருந்து பாசிர் ரிஸ் வரை தெரியாத ஆட்களெல்லாம் இதயம் அனுப்பினார்கள். இஸ்மாயில் பாய் அந்தப் படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டார். பேத்தி படம் இருந்த இடம் அது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்ததில் எதிர் சீட்டுச் சீனப் பாட்டியும் சிரித்துவிட்டார்.

பிறகு யாக்கூப் மச்சான் வந்தார். அக்காவின் கணவர். லைசென்ஸ் வைத்திருக்கிற இன்ஜினியர். அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மின்சாரம் வரும். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு ஃபர்சானா. ஆனா செல்லாது லா."

"ஏன் மச்சான்?"

"கிட்டக்க இருக்கறது குட்டை, தள்ளி இருக்கறது நீளம். கரண்ட்டு குட்டை வழியாத்தான் ஓடும். மத்ததெல்லாம் சும்மா இருக்கும், அது மட்டும் வெந்து போயிடும். எல்லாம் ஒரே நீளத்துல வேணும். குட்டையை மாத்தி, மிச்சத்தை உள்ளேயே வளையமா சுத்தி விடு."

"குடல் மாதிரி இருக்குமே மச்சான்."

"மூடி போட்டா யாரு பாக்கப் போறா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி. அதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் கிடையாது. குட்டைக் கேபிள்களைக் கழற்றி, நீளமானவற்றை இழுத்து, மிச்சத்தை வளைத்து வளைத்து உள்ளே திணித்தேன். அவர் சோதித்தார், கையெழுத்துப் போட்டார், பஃப்ளோ ரோட்டில் எனக்கு நுரை பொங்க ஆற்றின தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். "கோவமா?" என்றார். இல்லை என்றேன். கோபம் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

எனக்கு இருந்தது வேறு சங்கடம். என் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. மூடிக்குள் இருப்பது அது இல்லை. அப்படியானால் அந்தப் படம் பொய். எனக்குப் பொய் பிடிக்காது.

மின்சாரம் கொடுப்பதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் நான் மட்டும் போனேன். பின்மூடியைக் கழற்றி, வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, கேபிள்களைப் படத்தில் இருந்தபடியே ஆக்கினேன். கட்டர் வெண்ணெயில் போவது போல் இறங்கியது. பாடிக்கொண்டே செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். வெட்டின முனைகளில் போல்ட்டுக்கான புது லக் மாட்டி, நன்றாக அழுத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவு முறுக்கினேன். எதையும் தளர்வாக விடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் அஜாக்கிரதையான ஆள் இல்லை. முடித்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு பாக்கெட் முறுக்குத் தின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

ஆபத்து தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மொத்தக் கரண்ட் அளவுக்குள்தான் இருக்கும், அதனால் பிரேக்கர் விழாது. குட்டைக் கேபிள் மட்டும் சத்தமில்லாமல் சூடேறும். ஆனால் அதற்குக் கட்டடம் முழுச் சுமையில் ஓட வேண்டும். எந்தக் கட்டடம் முழுச் சுமையில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கல்யாணம் இஸ்மாயில் பாயின் மகள் அமீராவுக்கு. பகல் விருந்து. வேலை செய்தவர்கள் எல்லோரையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார். எல்லா மாடியிலும் ஏர்கான், சமையல்கட்டு முழுக்க அடுப்பு, லிஃப்ட், மேடைக்கு விளக்கு. மண்டபத்துக்கு ஜன்னல் கிடையாது, அதனால் விளக்குகள் இன்னும் ஜோராகத் தெரிந்தன. மேசை விரிப்புகள் கத்தி போல் மடிந்திருந்தன. இஸ்மாயில் பாய் என்னை மேசை மேசையாக அழைத்துப் போய்த் தன் போனைக் காட்டினார். "இந்தப் பொண்ணு கை பாருங்க, மின்சாரத்துக்கே தலை சீவி விட்டிருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். பிரியாணி வாசனையிலும் அத்தரிலும் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

அப்போது மச்சான் போன் செய்தார். காரிலிருந்து அன்பளிப்பை எடுக்கக் கீழே போனவர், ஸ்விட்ச் அறை வாசலில் நின்று பேசினார்.

"ஃபர்சானா, இங்க தீஞ்ச வாடை அடிக்குது. உள்ள எதுவும் மாத்தலையே நீ? மாத்தியிருந்தா சொல்லு, நான் மொதல்ல மொத்த சப்ளையையும் நிறுத்திடறேன்."

அமீரா அப்போதுதான் மேடை ஏறிக்கொண்டிருந்தாள். இஸ்மாயில் பாயின் கை என் தோள் பக்கம் நீண்டு, அடுத்த மேசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க விட்ட மாதிரியேதான் இருக்கு மச்சான்," என்றேன்.

"அப்ப ஏதோ போல்ட்டா இருக்கும். தெறந்து பாத்துட்டு வர்றேன். நீ சாப்பிடு."

அவர் என் பேச்சை நம்பினார். சப்ளையை நிறுத்தாமல் பின்மூடியைக் கழற்றினார். உருகிக்கொண்டிருந்த குட்டைக் கேபிள் அந்த நேரத்தில்தான் கைவிட்டது. அந்த அறையில் என்ன வெடித்தது, அவரிடம் எவ்வளவு மிஞ்சியது என்பதெல்லாம் உங்கள் போலீஸ் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை. மூடி விலகியதும் வளையங்கள் இல்லாததை அவர் கண்டிருப்பார். ஒரு கண நேரமாவது, நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மேலே எங்களுக்கு ஒரு தடுமாற்றம் மட்டும் தெரிந்தது. பிறகு விளக்குகள் எல்லாம் அணைந்தன. அது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் போன் வெளிச்சத்தை உயர்த்த, நூற்றுக்கணக்கான போன்கள் உயர்ந்தன. கைதட்டல், குலவை, சிரிப்பு. மேடையில் அமீரா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என்ன நடந்தது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் என் போனை உயர்த்திப் பிடித்தேன்.

மைமூன் லாத்தா கூட்டத்தில் தடவிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அவங்க எங்கே புள்ள? இதைப் பாக்காம எங்கே போனாங்க?"

"கீழதான் இருக்காங்க லாத்தா. இப்ப வந்துடுவாங்க."

அவள் என் தோளில் சாய்ந்து, வெளிச்சங்களைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.