பிரிக்காத கடிதத்தை விற்ற கதை

மலைகள் மாலையிட்ட பதுளை மாநகரில் இந்த மண்டபத்தின் தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் எங்கள் தபால் முத்திரை சேகரிப்போர் சங்கத் தலைவர் ஜனாப் ஸப்ரான் அவர்களே, கணினியைக் கைவசப்படுத்தி எங்களையும் அதற்கு வசப்படுத்திய தம்பி றிஸ்னி அவர்களே, பிள்ளைகள் பரிசு வாங்குவதைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தோட்டத்துத் தாய்மாரே, தந்தையரே, நான் வாய் திறக்குமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் முன்வரிசைப் பெரியோரே, உங்கள் எல்லோருக்கும் சங்கச் செயலாளன் மத்தேயுவின் வணக்கம்.

'முத்திரைக்கு முடிவுரை, டிஜிட்டலுக்கு முன்னுரை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அழகான தலைப்பு. கல்லறையில் பொறிக்கத் தக்க தலைப்பு.

டிஜிட்டல் சேகரிப்பு என்றால் என்ன? ஒரு முத்திரையைப் படம் பிடிக்க வேண்டும். அந்தப் படத்துக்கு வேறெதற்கும் இல்லாத ஓர் இலக்கத்தைக் கொடுத்து, யாராலும் அழிக்க முடியாத கணினிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். படத்தை யாரும் பார்க்கலாம், யாரும் பிரதி எடுக்கலாம். ஆனால் சொந்தக்காரர் ஒருவர்தான். பார்ப்பவர்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று பின்னால் ஓர் ஐயா கேட்கிறார். நானும் கேட்டேன் ஐயா. றிஸ்னி மூன்று மணி நேரம் விளக்கினார். அதற்குப் பிறகு நான் கேட்பதே இல்லை.

தண்ணீரில் ஊறவைத்து உரித்து, தாளில் உலர்த்தி, இடுக்கியால் எடுத்து, இமைபோல் காத்த எங்களுக்கு இது ஒரு விடுதலை. ஊறவும் வேண்டாம், உலரவும் வேண்டாம், உண்மையில் எதுவுமே வேண்டாம். அந்த விடுதலையைப் பதுளையில் முதலில் அனுபவித்த பெருமகன் யார்? அடக்கத்தோடு சொல்கிறேன், அடியேன்தான். அந்தப் பெருமையைத்தான் இன்று பேசப் போகிறேன்.

எனக்குப் பஜாரில் ஒரு புத்தகக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய பேப்பர் வியாபாரியிடம் சாக்குச் சாக்காக வாங்கி, உள்ளே கிடக்கும் உறைகளில் முத்திரை தேடுவது என் வழக்கம். அப்படி ஒருநாள் லுணுகலைப் பக்கத்துத் தோட்ட ஆபிஸ் ஒன்றிலிருந்து வந்த சாக்கு கிடைத்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தத் தோட்டத்துக்கு மட்டும்தான் கோபம் வரும். சொல்லாவிட்டால் எல்லாத் தோட்டத்துக்கும் கொஞ்சம் உறைக்கும்.

அந்தச் சாக்கின் அடியில் ஒரு நீள உறை. வாய் ஒட்டியபடி, பிரிக்கப்படாமல் இருந்தது. முத்திரையின் நட்டநடுவில் தபால் சீல் முழு நிலாவாக விழுந்திருந்தது. திகதி ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை. ஐந்து மாதத்துக்கு முந்திய திகதி. இப்படி ஒரு சீலுக்காகச் சேகரிப்பாளன் ஆயுள் முழுக்க அலைவான். நான் சாக்கை முத்தமிடாத குறை.

உறையில் ஒரு பெயர் இருந்தது. பிரிவு, லயம், தோட்டம் எல்லாம் மணி மணியான எழுத்தில் இருந்தன. அந்தக் கடிதம் யாருடையது என்று நினைத்தேனா? நினைக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தேனா? நினைக்கவில்லை. எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு உள்ளே இருக்கும் கடிதம் என்பது உறை மடங்காமலிருக்க வைத்த அட்டை. அவ்வளவுதான்.

ஒரு வருடத்துக்கு மேல் அது என் ஆல்பத்தில் ராஜமரியாதையோடு இருந்தது. பிறகு றிஸ்னி வந்தார். இதைப் படம் பிடித்து ஏற்றுவோம் சேர், பிரிக்காத உறைக்குத்தான் வெளிநாட்டில் மதிப்பு என்றார். ஏற்றினோம். நோர்வேயில் ஒருவர் வாங்கினார். உறை என்னிடம், படம் எல்லோரிடமும், சொந்தம் நோர்வேயிடம். வந்த தொகையில் றிஸ்னியும் நானும் பிரியாணி சாப்பிட்டோம். இதைப் பதுளையின் சாதனை என்று றிஸ்னி முகநூலிலும் போட்டார்.

நான்காம் நாள் என் கடைக்கு ஓர் இளம்பெண் வந்தார். பெயர் நிரஞ்சலா. இரண்டு கடை தள்ளியிருக்கும் துணிக்கடையில்தான் வேலை செய்கிறார். என்னிடம் பேனை வாங்கியிருக்கிறார். போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டினார். வாங்க வந்த ரசிகை என்று எண்ணி, சீலின் சிறப்பை நான் விளக்கத் தொடங்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சேர், இது என் கையெழுத்து. முத்திரையும் நான் ஒட்டுனதுதான்."

கொழும்பில் ஒரு தாதியர் பயிற்சி நிலையத்துக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்தோடு, முத்திரை ஒட்டிச் சொந்த முகவரி எழுதிய உறை ஒன்றையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதே உறைக்குள்தான் பதிலை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். தபால்காரர் தோட்ட ஆபிஸ் வரை கொண்டுவந்து கொடுத்தார். அங்கிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு யார் கொண்டுபோவது? அது யாருடைய வேலையும் இல்லை. கடிதம் அங்கேயே கிடந்து, பழைய பேப்பராகப் பதவி உயர்வு பெற்று, என் ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா, தாய்மாரே? ஆவியில் காட்டிப் பசையை இளக்கித் தருகிறேன், கடிதத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், உறையை மட்டும் சேதப்படுத்த வேண்டாம் என்று கெஞ்சினேன். ஆமாம், சிரியுங்கள். சிரிக்க வேண்டிய இடம்தான்.

"படத்த நீங்களே வச்சுக்குங்க. கடுதாசிய எனக்குக் குடுங்க," என்றார்.

கொடுத்தேன். வாங்கிய வேகத்தில் ஓரத்தைக் கிழித்தார். முழு நிலா இரண்டு பிறையானது. உள்ளே ஒரே ஒரு தாள். நேர்முகப் பரீட்சைக்கு வரும்படி அழைப்பு. திகதி போய் ஒன்றேமுக்கால் வருடம் ஆகியிருந்தது. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் கடை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"நான் லாயக்கில்ல, அதான் கூப்புடலன்னு நெனச்சேன் சேர். இத்தன நாளும் அப்புடியே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

பெரியோரே, இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? எந்த நாட்டுக்கு விற்பது? தோட்ட ஆபிஸ் அதை ஐந்து மாதம் வைத்திருந்தது, அது அலட்சியம். நான் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். அதற்குப் பெயர் ரசனை. சாக்கில் கண்ட அன்றே நான் லுணுகலைக்கு பஸ் ஏறியிருந்தால், அவர் அடுத்த வகுப்பில் சேர்ந்திருப்பார். அன்றைக்கோ வயதெல்லையை நான்கு மாதத்தால் தாண்டிவிட்டிருந்தார்.

மறுவாரம் நானும் நிரஞ்சலாவும் அவருடைய தாயாரும் கொழும்புக்கு ரயில் ஏறினோம். கிழிந்த முத்திரையின் இரண்டு பாதியையும் நானே சேர்த்து ஒட்டினேன், செலோடேப்பால். முத்திரையில் செலோடேப் ஒட்டுபவனைச் சங்கத்திலிருந்து நீக்கலாம் என்று விதி எழுதியவனும் நான்தான். பயிற்சி நிலையத்துப் பொறுப்பாளர் அம்மா வயதெல்லை வயதெல்லைதான் என்றார். நான் சீலைக் காட்டி, எந்த நாளில் எந்தத் தபாற்கந்தோரில் குத்தப்பட்டது என்று விளக்கினேன். கடிதம் அதற்குப் பிறகு இத்தனை காலம் எங்கே இருந்தது என்று கேட்டார். என்னிடம் இருந்தது என்றேன். முப்பது வருடச் சேகரிப்பில் நான் சொன்ன மிகக் கடினமான விடை அது.

அவர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குப் பின் நிரஞ்சலா வந்தார். முதல் விண்ணப்பத்தின் திகதியையே வயதுக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த தேர்வில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வில் தேறினார். இப்போது பயிற்சியில் இருக்கிறார். ஆகவே இன்றைய விழாவுக்கு வரவில்லை. அவருடைய வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவர் அவர். அந்த மூப்பு என் அன்பளிப்பு.

நோர்வேக்காரர் போன மாதம் எழுதியிருந்தார். உறை இன்னமும் பிரிக்கப்படாமல்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தார். என்ன பதில் எழுதுவது என்று றிஸ்னி என்னிடம் கேட்டார். உரியவர் பிரித்துவிட்டார் என்று எழுதச் சொன்னேன்.

நிரஞ்சலா பயிற்சியில் சேர்ந்த நாள் முதல் சங்கத்தார் நாங்கள் ஒரு வேலை செய்கிறோம். தோட்டத்துச் சாக்கு எதை வாங்கினாலும், முத்திரை தேடுமுன் பிரிக்காத கடிதம் தேடுகிறோம். மூன்று மாதத்தில் நாற்பத்தொன்று. ஸ்பிரிங்வெளி வழியாகவும் லுணுகலை வழியாகவும் நடந்தும் பஸ்ஸிலுமாக முப்பத்தேழைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். தலைவர் ஸப்ரான் அவர்கள் அட்டை கடித்த காலோடு திரும்பியதை நான் பார்த்தேன். படமெடுத்து ஏற்றலாமா என்றும் கேட்டேன்.

மீதி நான்கு என் சட்டைப் பையில் இருக்கின்றன. இந்த ஆட்கள் லயம் மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மலையெங்கும் இருந்து வந்திருக்கிறீர்கள், பெயரை வாசிக்கிறேன். தெரிந்தவர் எழுந்து நில்லுங்கள்.

வை. கனகாம்பிகை, மேற்பிரிவு.

யாருமில்லையா? சரி.

அ. மரியகொரட்டி, கீழ்ப்பிரிவு, ஆறாம் லயம்.

கடைசி வரிசையில் ஓர் அம்மா எழுந்து நிற்கிறார். நீங்கள்தானா அம்மா? மேடைக்கு வர வேண்டாம், அங்கேயே நில்லுங்கள். இந்தக் கடிதம் உங்களை நோக்கி வர வேண்டிய கடிதம். நான்தான் இறங்கி வர வேண்டும்.

பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கும், பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. மற்ற இரண்டு பெயரையும் கீழே நின்று வாசிக்கிறேன். வணக்கம்.