இரண்டு களிம்பு

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"என் முதுகுல வெள்ளைத் திட்டு வந்த பொறவுதானுங்க்கா எங்கூட்டுக்காரர் என்கூடப் பேசுனாரு."

"ஏனுங்க, அதுக்கு முந்தி?"

"எந்தம்பி ஊட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வரமாட்டேன்னாரு. சண்டையாயிருச்சு. அப்பறம் ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லீங்க."

"அடக் கடவுளே."

"வெண்புள்ளிக்கு டாக்டர் ரெண்டு களிம்பு குடுத்தாரு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மாத்திப் பூசக்கூடாதுன்னாரு. முதுகு எனக்கு எட்டுமுங்களா? கண்ணாடி முன்னால தடுமாறிட்டு நின்னேன். எங்கூட்டுக்காரர் வந்து களிம்பை வாங்கிட்டு, 'இது காலைக்கா, ராத்திரிக்கா?'ன்னாரு. அதுதான் மொதப் பேச்சு."

"அப்பறம்?"

"தெனமும் பூசிவுட்டாரு. பூசறப்ப எதாச்சும் பேசுவாரு."

"இப்ப எப்படி இருக்குது?"

"நெறம் வந்துருச்சுங்க. களிம்பு போதும்னுட்டாரு டாக்டர். எனக்குத்தான் பக்குன்னு ஆயிருச்சு."

"மறுபடியும் பேச்சு நின்னு போச்சாக்கும்?"

"இல்லீங்க்கா. நேத்துக் காலையில வந்து பக்கத்துல நின்னாரு. அப்பறம், 'சும்மா தேங்காயெண்ணெயாச்சும் தேய்ச்சுவுடட்டுமா?'ன்னு கேட்டாரு."