ஜீவனஹள்ளி மணியும் சிறு நாடுகளின் உடன்படிக்கையும்

(1939 ஏப்ரல் மாதம், பெங்களூர் கண்டோன்மெண்ட், மூவூர் நேசச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், "சிறு நாடுகளும் கூட்டுக் காவலும்" என்னும் பொருள் பற்றி ஜீவனஹள்ளிப் பள்ளி ஆசிரியை ஜோசஃபின் அம்மாள் ஆற்றிய உரை.)

மல்லேஸ்வரத்திலிருந்து ஜட்கா ஏறி வந்து, மூவூர் மன்றத்தின் முதன்மை நாற்காலியை முகமலர்ச்சியோடு அழகுசெய்யும் பெருந்தகை, தலைவர் சேஷகிரி ஐயர் அவர்களே! சொல்லிலும் செயலிலும் சோர்வறியாச் செயலாளர் ஸ்ரீகண்டன் அவர்களே! சட்டம் கற்ற சான்றோர், லிங்கராஜபுரத்தின் பிரதிநிதி ஓஸ்வால்ட் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் காக்ஸ் டவுன் முதியோர்களே! பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் இருத்தியிருக்கும் பேரன்புத் தாய்மார்களே! உட்கார இடமின்றிச் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே நிற்கும் என் ஜீவனஹள்ளிச் சகோதர சகோதரிகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

யாரையாவது விட்டுவிட்டேனா? இல்லையே? நல்லது. இவ்வளவையும் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை மட்டும் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

எனக்குத் தந்த பொருள் பெரிய பொருள். அண்டை நாடுகள் ஒன்றுகூடி ஒன்றையொன்று காத்துக்கொள்ளும் உடன்படிக்கை. உலகத்தில் இதைவிட உயர்ந்த எண்ணம் உண்டா? எளியவனுக்கு எளியவன் துணை, சிறியவனுக்குச் சிறியவன் அரண் என்பதைவிடச் சிறந்த அரசியல் உண்டா?

ஐரோப்பாவின் நடுவே மூன்று சிறு நாடுகள். செக்கோஸ்லோவாகியா, ருமேனியா, யுகோஸ்லாவியா. பெரும்போர் முடிந்த புகை அடங்குமுன்னே அவை கைகோத்துக்கொண்டன. கையெழுத்திட்டன, விருந்துண்டன, வாழ்த்தின, வாக்களித்தன. ஆனால் அந்த வாக்குக்குள்ளே ஒரு வரி இருந்தது. ஹங்கேரி தாக்கினால்தான் மற்ற இருவரும் உதவ வேண்டும் என்ற வரி.

சென்ற ஆண்டு வந்தது ஹங்கேரியா? இல்லை. வந்தது ஜெர்மனி! பெரிய நாடுகள் நான்கும் மியூனிக் நகரில் கூடி, செக்கோஸ்லோவாகியாவைக் கூறுபோட்டன. வீட்டுக்குச் சொந்தக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வீட்டைப் பங்கு பிரித்தன. கூட்டாளிகள் என்ன செய்தார்கள்? எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார்கள். ஹங்கேரி என்றல்லவா எழுதியிருக்கிறது என்றார்கள். ஐயோ பாவம் என்றார்கள். போன மாதம் பிராக் நகரத் தெருக்களில் ஜெர்மன் படை நடந்தது. தாள் பத்திரமாகவே இருக்கிறது, நாடுதான் இல்லை.

"ஷேம், ஷேம்" என்று ஒரு குரல் கேட்கிறது. யார் ஐயா அது? லிங்கராஜபுரத்து நோயலா? உட்காருங்கள் நோயல். அந்தச் சொல்லை அதற்குள் செலவழித்துவிடாதீர்கள். இன்னும் சற்று நேரத்தில் அது நம் வீட்டுக்கே தேவைப்படும்.

ஆம், அன்பர்களே! ஜெர்மனியைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்று செயலாளர் அவர்களின் சட்டைப்பையில் தயாராக இருக்கிறது. நான் பேசி முடித்ததும் அதை முன்மொழிவார்கள், வழிமொழிவார்கள், கைதட்டுவார்கள். கைதட்டுவதற்கு முன்னே நான் ஒன்று கேட்கிறேன். நமக்கும் ஓர் உடன்படிக்கை இருக்கிறதே, அது என்ன ஆயிற்று?

இரண்டாண்டுகளுக்கு முன் திருடர் தொல்லை தாங்காமல் காக்ஸ் டவுனும் லிங்கராஜபுரமும் ஜீவனஹள்ளியும் இதே மண்டபத்தில் கூடின. ஒருவருக்கு வந்தது மூவருக்கும் வந்தது என்று மேடையில் முழங்கினோம். ஜீவனஹள்ளிக் கோயில் மணி இடைவிடாமல் அடித்தால் மூவூர் ஆண்பிள்ளைகளும் ஓடி வரவேண்டும் என்று எழுதினோம். கேசரிபாத்தும் காப்பியும் வயிறாரச் சாப்பிட்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். எங்கள் தெருக்கோடிக் கூரை வரிசையில் தீப்பற்றியது. காற்றோ காற்று! ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவிய நெருப்பைப் பார்த்த எவரும் அதை மறக்க முடியாது. மணி அடித்தது. அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது! காக்ஸ் டவுனுக்குக் கேட்கவில்லையா? லிங்கராஜபுரத்துக்குக் கேட்கவில்லையா? கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. ஆனால் மூவூர்ப் பெரியவர்கள் எல்லோரும் அப்போது இந்த மண்டபத்தில், சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இருந்தார்கள்.

எங்கள் வரிசையில் மரவேலை செய்யும் டொமினிக் இங்கே ஓடி வந்தார். அதோ, சன்னலுக்கு வெளியே நிற்கிறாரே, அவர்தான். ஒளிய வேண்டாம் டொமினிக், நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. சட்டை கரிந்து, மூச்சு முட்டி, வாசலில் நின்று கத்தினார்.

"சார், எங்க வரிசையில தீ புடிச்சிக்கிச்சி சார்! பக்கெட்டு, குடம், எது கீதோ எடுத்துக்கினு பேக வாங்க சார், சீக்கிரம் வாங்க!"

மேடையிலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? "கொஞ்சம் இருப்பா, மூச்சு வாங்கிக்கோ. எல்லாம் முறைப்படி எடுத்துக்கலாம்."

முறைப்படி எடுத்துக்கொண்டார்கள்! அவசரப் பொருளாக அதைப் பேசலாமா என்று முதலில் பேசினார்கள். பேசலாம் என்று முடிவானதும் மூன்று பேர் எழுந்தார்கள். ஒவ்வொருவரும் எப்படித் தொடங்கினார்கள்? தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சான்றோர் அவர்களே, முதியோர்களே, தாய்மார்களே என்று நான் சற்றுமுன் தொடங்கினேனே, அப்படித்தான் தொடங்கினார்கள். ஒருவர் யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற பெருந்தன்மையில், "தீப்பட்ட தெருவிலிருந்து திரண்ட துயரோடு வந்திருக்கும் திருவாளர் டொமினிக் அவர்களே!" என்று அவரையும் சேர்த்து அழைத்தார். மேசையில் ஒரு மாலை மீந்திருந்தது. அதை எடுத்து டொமினிக் கழுத்தில் போட்டார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், அந்தக் கூரைகளுக்கடியில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் குடியிருக்கவில்லை என்றால்.

பிறகு சட்டம் கற்ற சான்றோர் ஓஸ்வால்ட் அவர்கள் எழுந்தார்கள். உடன்படிக்கையில் திருடர் என்றுதான் இருக்கிறது, தீ என்று எந்த இடத்திலும் இல்லை என்று விளக்கினார்கள். அதைக் கேட்டதும் மண்டபமே நிம்மதியாக மூச்சு விட்டதாம். அனுதாபத் தீர்மானம் ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றினார்கள். நன்றியுரை சொன்னார்கள். அதற்குள் டொமினிக் திரும்பி ஓடிவிட்டார்.

அவர் தனியாக ஓடி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கழுத்திலிருந்த மாலையைக் கழற்றக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அவர் மனைவி டோரதி தெருமுனையில் ஆள் வருமென்று காத்துக்கொண்டிருந்தாள். எரியும் வீட்டுக்கு முன்னே மாலையும் கழுத்துமாய் வந்து நிற்கும் கணவனைப் பார்த்து அவள் கேட்டாள்.

"இன்னாயா இது, மாலையோட வர? ஆளுங்க எங்கயா?"

டொமினிக் இரண்டு கைகளையும் விரித்தார். இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் டோரதி வீட்டுக்குள் ஓடினாள். அவள் தைத்துத்தான் அந்த வீட்டில் பாதி நாள் அடுப்பு எரிந்தது. தையல் மிஷினை வெளியே இழுத்துவிட்டாள். காய்ந்த இரும்பைப் பிடித்த இரண்டு கைகளும் வெந்துபோயின. இன்று மிஷின் இருக்கிறது, ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். தலைவர் ஐயர் அவர்கள் அரிசி மூட்டையோடு வந்தார்கள். ஓஸ்வால்ட் அவர்கள் டோரதியைத் தம் செலவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். நான் மறைக்கவில்லை. நீங்கள் நல்லவர்கள். அதுதான் எனக்குக் கோபம்! கெட்டவர்கள் கைவிட்டிருந்தால் நான் வேறு ஊரைத் தேடிப் போயிருப்பேன். நல்லவர்களே கைவிட்டால் எங்கே போவேன்? யாரிடம் முறையிடுவேன்? எந்த மணியை இழுப்பேன்?

இப்போது கேளுங்கள், இதற்காகத்தான் இன்று இங்கே வந்தேன். கூரைகள் எரிந்துவிட்டதால் அங்கே குடியிருப்பவர் ஒருவரும் இல்லை, நிலம் காலியாகிவிட்டது என்கிறார் நிலத்துக்காரர். நாளைக் காலையில் கல்தூணும் முள்கம்பியும் கொண்டு ஆட்கள் வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த இடத்தில், சாம்பலின் மேல் ஒரு படுதாவைக் கட்டிக்கொண்டு டொமினிக்கும் டோரதியும் இன்னும் படுத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரும் அப்படியே. ஒரு முறை வேலி போட்டுவிட்டால் அப்புறம் அவர்கள் வேலிக்கு வெளியே. மூவூராரும் வந்து அங்கே நின்றால் வேலி எழாது. அடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம், வந்து நின்றால் போதும். இத்தனை பேர் பார்க்க ஒரு குடும்பத்தைத் தூக்கி எறியும் துணிவு எந்த நிலத்துக்காரருக்கும் கிடையாது.

அங்கே யாரோ எழுந்து நிற்கிறார்கள். சொல்லுங்கள் ஐயா, உரக்கச் சொல்லுங்கள். என்ன?

"நிலத் தகராறெல்லாம் நம்ப அக்ரிமெண்ட்ல வருமாம்மா?"

கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்களா? ஹங்கேரி! மறுபடியும் ஹங்கேரி! திருடனுக்கு எழுதியது தீக்கு ஆகாது, தீக்கு எழுதினால் வேலிக்கு ஆகாது! ஆபத்து நம்மைக் கேட்டுக்கொண்டா தன் பெயரை வைத்துக்கொள்கிறது? பக்கத்து வீட்டுக்காரன் அலறும்போது, எந்தப் பிரிவின்படி அலறுகிறாய் என்று கேட்பவனுக்கு அண்டை வீட்டான் என்ற பெயர் எதற்கு? நோயல், நீங்கள் சேமித்து வைத்த சொல்லை இப்போது சொல்லலாம்.

...தலைவர் மேசைமணியை அடிக்கிறார்கள். என் நேரம் முடிந்துவிட்டது.

பார்த்தீர்களா? அந்தச் சின்ன மணி ஒரு தட்டுத் தட்டியதும் மண்டபம் முழுதும் அடங்கிவிட்டது. பேசியவர்கள் வாயை மூடினார்கள், நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், நானும் நிறுத்திவிட்டேன். மணிக்குக் கட்டுப்படத் தெரியாதவர்கள் அல்ல நாம்! அன்று எங்கள் கோயில் மணி கூரைகள் விழும்வரை அலறியதே, அதற்கு ஏன் ஒரு கால்கூட அசையவில்லை?

ஜெர்மனியைக் கண்டிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள், நானும் கை தூக்குகிறேன். ஆனால் பிராக் நகரம் கடல் கடந்து இருக்கிறது. ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் சந்தையைத் தாண்டினால் வந்துவிடும்.

தலைவர் அவர்களே, உங்கள் மணிக்கு நான் கட்டுப்படுகிறேன். நாளைக் காலை எங்கள் மணி அடிக்கும், அதற்கு நீங்கள் கட்டுப்படுங்கள். மாலை வேண்டாம், தலைமை வேண்டாம், முன்மொழிய வேண்டாம். நான் சொல்ல வேண்டிய நன்றியை இன்று இங்கே சொல்லப்போவதில்லை. நாளை அந்தச் சாம்பல் மேட்டில் டோரதியின் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்களை மட்டும் பார்த்து, ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லி அழைத்துச் சொல்வேன். அந்த அழைப்பு எவ்வளவு நேரம் நீண்டாலும் எனக்குச் சம்மதம்.

வணக்கம்.